பெயரெச்சம் அறிந்தவர்கள் எழுதும் ஆங்கிலத் தேர்வு



ஆங்கில மொழித் தேர்வுக்காக இலக்கணம், சொல்வளம், வாசிப்பு ஆகியவற்றில் எப்படிப் பயிற்சி எடுப்பது என்பதே இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள். அறக்கட்டளைச் சொற்பொழிவுக்கு இது சின்ன விஷயமாயிற்றே என்று சிலருக்குத் தோன்றலாம். ஆனால் இந்தச் செவிலியர் கல்லூரி அரங்கில் அமர்ந்திருப்பவர்களில் பலருடைய அடுத்த பத்தாண்டு வாழ்க்கை அந்தத் தேர்வின் அரைப் புள்ளியில் திசை மாறக்கூடும். அந்த அரைப் புள்ளிக்காகக் கடன் வாங்கித் தேர்வுக் கட்டணம் கட்டிய பிள்ளைகளுக்குப் பல ஆண்டுகளாகப் பாடம் சொல்லி வருகிறேன். எனக்கு இது சின்ன விஷயமாகத் தெரியவில்லை.

முதலில் கொஞ்சம் வரலாறு. ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொள்ளாதவர்களுக்கென்று கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் 1913-இல் ஒரு தேர்ச்சித் தேர்வைத் தொடங்கியது. எழுத்தும் பேச்சுமாக மொத்தம் 12 மணி நேரம். பிரெஞ்சு அல்லது ஜெர்மன் மொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையே இரு திசைகளிலும் மொழிபெயர்க்க வேண்டும். இலக்கண வினாக்கள் உண்டு. ஒரு கட்டுரை எழுத வேண்டும். இலக்கியத்துக்கு மட்டும் மூன்று மணி நேரம். ஒலியியலுக்குத் தனித் தாள். அதற்கு மேல் சொல்வதை எழுதுதல், உரக்க வாசித்தல், உரையாடல். அந்த முதல் ஆண்டில் எழுதியவர்கள் மூன்று பேர். மூவருமே தேறவில்லை.

அந்தத் தேர்வு அறிஞர்களைத் தேடியது. இன்றைய தேர்வு தேடுவது வேறு. 1989-இல் இன்றைய பெயரோடு வந்த ஐ.இ.எல்.டி.எஸ்., மருத்துவத் துறையினருக்கென்று ஆஸ்திரேலியாவில் உருவான ஓ.இ.டி. இரண்டும், வேலையிடத்திலும் வகுப்பறையிலும் ஆங்கிலத்தைக் கொண்டு காரியம் நடத்த முடியுமா என்று பார்க்கின்றன. பிரிட்டனில் செவிலியராகப் பதிவு செய்ய ஐ.இ.எல்.டி.எஸ். தேர்வில் வாசிப்பு, கேட்டல், பேச்சு மூன்றிலும் 7 புள்ளி வேண்டும், எழுத்துக்கு 6.5 போதும். வாசிப்புத் தாளில் மூன்று நீண்ட பத்திகள், 40 கேள்விகள், 60 நிமிடம். ஓ.இ.டி. வாசிப்பில் 42 கேள்விகள். முதல் பகுதியில் நான்கு சிறு குறிப்புகளைப் புரட்டி 20 கேள்விகளுக்கு 15 நிமிடத்தில் விடை எழுத வேண்டும்.

இந்த இரண்டிலும் இலக்கணத்துக்கென்று தனித் தாள் கிடையாது. அதைக் கேட்டதும் மாணவர்கள் மகிழ்ந்துபோகிறார்கள். மகிழ வேண்டாம் என்று நான் சொல்வது வழக்கம். இலக்கணம் எங்கும் போகவில்லை. வாசிப்புத் தாளின் ஒவ்வொரு வரிக்குள்ளும் போய் உட்கார்ந்துகொண்டது.

நம் ஊர்களில் பயிற்சி என்றால் மாதிரித் தேர்வுதான். காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. விடைத்தாளைத் திருத்திக்கொள்கிறார்கள், 40-க்கு 23 என்று நோட்டில் குறித்துக்கொள்கிறார்கள், அடுத்த தாளை எடுக்கிறார்கள். மறுநாள் 24, அதற்கடுத்த நாள் 22. தவறிய 17 கேள்விகளும் ஏன் தவறின என்று எவரும் உட்கார்ந்து பார்ப்பதில்லை. நீங்கள் செவிலியர்கள், உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை: மணிக்கொரு தரம் தெர்மாமீட்டர் வைத்துக் காய்ச்சலை இறக்கிவிட முடியாது. மாதிரித் தேர்வு அளவு காட்டும் கருவி. அதற்கு ஒரு இடம் உண்டு, பிறகு வருகிறேன்.

அப்படியானால் காய்ச்சல் எங்கே இருக்கிறது? ஒரு வாக்கியத்தை மட்டும் எடுத்துக்கொள்வோம்.

ஒரு மாலை வகுப்பில், பத்தாண்டு வார்டு அனுபவம் உள்ள ஒரு சிஸ்டர் என்னிடம் வந்தார். "சார், எனக்கு எல்லா வார்த்தையும் தெரியுது. ஆனா விடை மட்டும் தப்பாவே வருது" என்றார். அவர் கையிலிருந்த பத்தியில் ஏறத்தாழ இப்படி ஒரு வாக்கியம்: "தி டிரக் கிவன் டு பேஷன்ட்ஸ் அட்மிட்டட் ஓவர்நைட் வாஸ் வித்ட்ரான்." என்ன சொல்கிறது, தமிழிலேயே சொல்லுங்கள் என்றேன். "மருந்து கொடுத்தாங்க, பேஷன்ட்டை ராத்திரி அட்மிட் பண்ணாங்க, அப்புறம் மருந்தை நிறுத்திட்டாங்க" என்றார். மருந்து முதலில், சேர்க்கை பிறகு என்று நிகழ்ச்சிகளின் வரிசையே புரண்டுவிட்டது. எந்த மருந்து, யாருக்குக் கொடுத்த மருந்து என்ற அடையாளமும் தொலைந்துவிட்டது. கேள்வி அந்த அடையாளத்தைத்தான் கேட்டிருந்தது.

"சிஸ்டர், இந்த வாக்கியத்தில் வினைமுற்று எது?" என்று கேட்டேன். "அதெல்லாம் பத்தாம் வகுப்போட போச்சு சார்" என்றார். போகவில்லை. இந்த வாக்கியத்தை ஒழுங்கான தமிழில் எழுதச் சொன்னேன். சற்று யோசித்து எழுதினார்: "இரவில் சேர்க்கப்பட்ட நோயாளிகளுக்குக் கொடுக்கப்பட்ட மருந்து திரும்பப் பெறப்பட்டது."

இதில் 'சேர்க்கப்பட்ட', 'கொடுக்கப்பட்ட' இரண்டும் பெயரெச்சம். எச்சம் என்றாலே முடியாமல் நிற்பது. ஒரு பெயர்ச்சொல் வந்து சேரும்வரை அது காத்திருக்கும். 'பெறப்பட்டது' வினைமுற்று, அங்கே வாக்கியம் முடிந்துவிடுகிறது. தமிழில் இந்த வேறுபாடு சொல்லின் ஈற்றிலேயே தெரிகிறது. ஐந்து வயதுக் குழந்தை கூட 'வந்த' என்பதையும் 'வந்தது' என்பதையும் குழப்பிக்கொள்ளாது. ஆங்கிலத்தில் 'அட்மிட்டட்' என்ற ஒரே வடிவம் சேர்த்தார் என்றும் பொருள் தரும், சேர்க்கப்பட்ட என்றும் பொருள் தரும். எது எச்சம், எது முற்று என்று சொல் காட்டிக்கொடுக்காது. வாக்கியத்தின் கட்டுமானம்தான் காட்டும். கூடவே வரிசையும் தலைகீழ். நாம் அடைகளையெல்லாம் சொல்லிவிட்டுக் கடைசியில் பெயரைச் சொல்கிறோம்: இரவில் சேர்க்கப்பட்ட நோயாளிகள். ஆங்கிலம் பெயரை முதலில் வைத்துவிட்டு அடைகளைப் பின்னால் கோக்கிறது. ஆகவே தமிழர் ஆங்கிலம் வாசிக்கும்போது 'டிரக்' என்ற எழுவாயைக் கையிலேயே பிடித்துக்கொண்டு, 'வாஸ் வித்ட்ரான்' வரும்வரை விடாமல் நடக்க வேண்டியிருக்கிறது. பலர் பாதி வழியில் விட்டுவிடுகிறார்கள். எல்லா வார்த்தையும் தெரிந்தும் விடை தப்பாவதற்குப் பெரும்பாலும் இதுதான் காரணம் என்பது என் அனுபவம்.

அதனால் நான் தரும் முதல் பயிற்சி இது. பழைய தேர்வுத்தாளிலிருந்து ஒரு பத்தி எடுங்கள். கேள்விகளைப் பார்க்காதீர்கள். பென்சிலால் ஒவ்வொரு வாக்கியத்திலும் வினைமுற்றை மட்டும் அடிக்கோடிடுங்கள். அதற்குரிய எழுவாயைக் கட்டம் கட்டுங்கள். இடையில் வருவதெல்லாம் எந்தப் பெயரைத் தழுவி நிற்கிறது என்று ஒரு கோடு இழுங்கள். பிறகு அந்த வாக்கியத்தைப் பெயரெச்சத்தோடு தமிழில் ஒரு முறை வாய்விட்டுச் சொல்லுங்கள். ஒரு பத்திக்கு அரை மணி நேரம் ஆகும். ஆகட்டும். சில வாரங்களில் பென்சில் இல்லாமலே கண் அதைச் செய்யத் தொடங்கும். ஆங்கிலத்தைத் தமிழ் வழியாக அணுகக் கூடாது என்று பல பயிற்சி வகுப்புகளில் விதியே வைத்திருக்கிறார்கள். பேச்சு வகுப்புக்கு அந்த விதி பொருந்தலாம். சிக்கலான வாக்கியத்தை அவிழ்க்க, ஏற்கெனவே கைவசம் உள்ள இலக்கண அறிவைத் தூக்கி எறியச் சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

'நாட்', 'அன்டில்' இரண்டும் சேர்ந்து வரும் வாக்கியங்களும் இப்படித்தான். "தி டாக்டர் டிட் நாட் அரைவ் அன்டில் நைன்." ஒன்பதுவரை வரவில்லை என்று பெயர்த்துவிட்டு, வந்தாரா இல்லையா என்று தவிக்கிறார்கள். "டாக்டர் ஒன்பது மணிக்குத்தான் வந்தார்" என்று சொல்லிப் பாருங்கள், குழப்பமே இல்லை.

எழுதும்போது வேறொரு இடத்தில் கால் தடுக்குகிறது. "ஐ ஹேவ் கம்ப்ளீட்டட் மை கோர்ஸ் இன் 2015" என்ற வாக்கியம் நம் பிள்ளைகளின் விண்ணப்பங்களில் அடிக்கடி வருகிறது. 2015-இல் முடித்திருக்கிறேன் என்று தமிழில் தாராளமாகச் சொல்லலாம். ஆங்கிலம் ஒத்துக்கொள்ளாது. முடிந்துபோன ஒரு காலத்தைப் பெயர் சொல்லிக் குறித்துவிட்டால் 'ஹேவ்' அங்கே நிற்காது. "கம்ப்ளீட்டட்" என்றாலே போதும். இதைப் பன்னிரண்டு காலங்களின் அட்டவணையை மனப்பாடம் செய்து கற்றவர்களை நான் பார்த்ததில்லை. வாசிக்கும்போது ஆண்டும் தேதியும் வருகிற இடங்களிலெல்லாம் வினை எந்த வடிவில் நிற்கிறது என்று கவனித்தவர்கள் கற்றுக்கொள்கிறார்கள்.

இங்கே என்.எஸ். பிரபு அவர்களை நினைவுகூர வேண்டும். 1979-இலிருந்து சுமார் ஐந்து ஆண்டுகள் பெங்களூரிலும் சென்னையிலும் உள்ள பள்ளிகளில் அவரும் அவருடைய தோழர்களும் ஒரு முயற்சி செய்து பார்த்தார்கள். இலக்கணப் பாடமே நடத்தாமல் ரயில் கால அட்டவணை, வரைபடம், கணக்கு போன்றவற்றைக் கொடுத்து ஆங்கிலத்தில் யோசித்து விடை காணச் செய்தார்கள். மனம் பொருளில் ஆழ்ந்திருக்கும்போது இலக்கணம் தானே உள்ளே ஊறும் என்பது அவர் கருத்து. 1987-இல் வெளியான அவருடைய நூல் உலகெங்கும் ஆங்கில ஆசிரியர்கள் படிக்கும் நூலாக ஆனது. நம் மண்ணில் விளைந்த சிந்தனை அது. நமது ஆசிரியர் பயிற்சியில் அதற்குக் கிடைக்க வேண்டிய இடம் கிடைக்கவில்லை என்பதில் எனக்கு வருத்தம் உண்டு. ஆனால் முழுவதும் அவர் வழியில் போகவும் என்னால் முடியவில்லை. பள்ளிப் பிள்ளைக்கு ஆண்டுகள் இருக்கின்றன. இரவுப் பணி முடித்து வரும் சிஸ்டருக்கு நான்கு மாதம்தான் இருக்கிறது. தானே ஊறும்வரை அவரால் காத்திருக்க முடியாது. கட்டுமானத்தை நாம் கை காட்டித்தான் ஆக வேண்டும். காட்டும் இடம் உயிருள்ள ஒரு பத்தியாக இருக்கட்டும், அவ்வளவுதான்.

சொல்வளத்துக்கு வருகிறேன். இதில் மாணவர்கள் படும் பாடு மனத்தை வருத்துகிறது. "அகர வரிசையில் ஐயாயிரம் சொற்கள்" என்ற மாதிரிப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு முதல் எழுத்திலிருந்து தொடங்குகிறார்கள். மூன்றாம் எழுத்தைத் தாண்டியவர் குறைவு.

இதற்கு விடை தேடியவர்களில் முன்னோடி மைக்கேல் வெஸ்ட். ஆங்கிலேயர், இந்தியக் கல்விப் பணியில் டாக்காவில் ஆசிரியர் பயிற்சிக் கல்லூரி முதல்வராக இருந்தவர். வங்காளத்துப் பிள்ளைகளில் பெரும்பாலோர் சில ஆண்டுகளில் பள்ளியை விட்டு நின்றுவிடுவதை அவர் பார்த்தார். பாதியில் நின்றுபோனால் கையில் என்ன மிஞ்சும் என்பதுதான் அவருடைய கேள்வி. காப்பீட்டுப் பத்திரத்தைப் பாதியில் ஒப்படைத்தால் கிடைக்கும் சரண்டர் மதிப்பு என்ற சொல்லையே அவர் 1926-இல் வெளியான தம் நூலில் கல்விக்குப் பயன்படுத்தினார். அவர் கண்ட விடை வாசிப்பு. பேச்சு பாதியில் நின்றால் மறந்துபோகும். கொஞ்சமாவது வாசிக்கத் தெரிந்தவர் அதைக் கொண்டு தாமே மேலே போகலாம். அரிய சொற்களை நீக்கி, பொதுச் சொற்களால் கதைகளைத் திரும்ப எழுதி, புதுச் சொற்களை இடைவெளி விட்டு நுழைக்கும் வாசிப்பு நூல்களை அவர் உருவாக்கினார். 1953-இல் அவர் பதிப்பித்த அடிப்படைச் சொற்பட்டியலில் ஏறத்தாழ 2,000 தலைச்சொற்கள். சாதாரண ஆங்கில எழுத்தில் வரும் சொற்களில் சுமார் 80 விழுக்காடு அந்தப் பட்டியலுக்குள் அடங்கிவிடும்.

80 விழுக்காடு என்றதும் போதுமே என்று தோன்றும். ஐந்து சொல்லுக்கு ஒன்று தெரியாது என்பது அதன் பொருள். அப்படி ஒரு பத்தியை வாசித்துப் பாருங்கள், திணறிவிடுவீர்கள். துணையின்றி வாசிக்க 98 விழுக்காடு சொற்கள் தெரிந்திருக்க வேண்டும், அதற்கு எட்டாயிரத்திலிருந்து ஒன்பதாயிரம் சொற்குடும்பங்கள் தேவை என்று நியூசிலாந்து அறிஞர் பால் நேஷன் 2006-இல் கணக்கிட்டார். இந்த எண்ணைக் கேட்டுப் பயப்பட வேண்டாம். இரண்டுக்கும் நடுவே ஒரு நல்ல படி இருக்கிறது. அதே நியூசிலாந்தில் அவெரில் காக்ஸ்ஹெட் 2000-இல் வெளியிட்ட கல்விச் சொற்பட்டியலில் 570 சொற்குடும்பங்கள்தான். பாடநூல், ஆய்வுக் கட்டுரை போன்றவற்றில் சுமார் 10 விழுக்காட்டை அவை நிரப்பிவிடுகின்றன. அஸ்யூம், இண்டிகேட், எஸ்டாப்ளிஷ், சிக்னிஃபிகன்ட் என்று எந்தத் துறைக் கட்டுரையிலும் தலைகாட்டும் சொற்கள் அவை. தேர்வின் வாசிப்புப் பத்தி இந்தச் சொற்களால்தான் நெய்யப்படுகிறது. முதல் இரண்டாயிரம் உறுதியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், தினமும் ஐந்து வீதம் இந்த 570 நான்கு மாதத்துக்குள் அடங்கிவிடும்.

எப்படிப் படிப்பது? பட்டியலைத் திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தால் தெரிந்ததுபோல ஒரு மயக்கம் வரும். 2006-இல் ரோடிகர், கார்ப்பிக்கி என்ற இரு உளவியலாளர்கள் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ஒரு பத்தியை மறுபடி படித்தவர்கள் ஐந்து நிமிடம் கழித்து நன்றாகவே சொன்னார்கள். படித்ததை மூடி வைத்துவிட்டு நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்கள் ஒரு வாரம் கழித்து அவர்களை முந்தினார்கள். ஆகவே நோட்டின் ஒரு பக்கம் அந்தச் சொல் வந்த வாக்கியம், மறுபக்கம் பொருள். மூடிக்கொண்டு சொல்லுங்கள். தவறியவை நாளைக்கு, சரியானவை மூன்று நாள் கழித்து, பிறகு ஒரு வாரம் கழித்து. சொல்லைத் தனியாக எழுதாதீர்கள். அது உட்கார்ந்திருந்த வாக்கியத்தோடு எழுதுங்கள். 'வைல்' என்றால் 'போது' என்று மட்டும் எழுதி வைத்தவர், "இருந்தாலும்" என்ற பொருளில் அது வரும்போது ஏமாந்துபோவார்.

இன்னொரு பயிற்சி செலவில்லாதது. 1953-இல் வில்சன் டெய்லர் என்பவர் ஒரு பத்தி எவ்வளவு எளிதாகப் புரிகிறது என்று அளக்க, குறிப்பிட்ட இடைவெளியில் சொற்களை நீக்கிவிட்டு வாசகரை நிரப்பச் சொன்னார். பிற்காலத்தில் மொழித் தேர்வுகள் அதை எடுத்துக்கொண்டன. நீங்களே செய்யலாம். நன்றாக வாசித்து முடித்த ஒரு பத்தியைக் கையால் எழுதுங்கள், ஏழாவது சொல்லுக்கெல்லாம் கோடு போட்டுவிடுங்கள், ஒரு வாரம் கழித்து நிரப்புங்கள். 'தி' வர வேண்டிய இடம், 'ஏ' வர வேண்டிய இடம், 'ஆன்', 'அட்' எல்லாம் அங்கே பிடிபடும். தமிழில் இல்லாத இந்தச் சின்னச் சொற்களை விதி படித்துப் பிடிப்பது கடினம். இப்படி நிரப்பி நிரப்பி ஒரு பழக்கமாக வரும்.

தேர்வுப் பத்தியை மட்டுமே வாசித்து வாசிப்பு வளராது. பிஜித் தீவின் கிராமப் பள்ளிகளில், வாரிக் எல்லி, பிரான்சிஸ் மங்குபாய் இருவரும் செய்த ஆய்வு 1983-இல் வெளியானது. புத்தகங்கள் அதிகம் இல்லாத வகுப்புகளுக்குப் படம் போட்ட 250 ஆங்கிலக் கதைப் புத்தகங்களைக் கொடுத்தார்கள். சில வகுப்புகளில் ஆசிரியரும் பிள்ளைகளும் சேர்ந்து வாசித்தார்கள். சிலவற்றில் பிள்ளைகள் மௌனமாக வாசித்தார்கள். வழக்கமான பாடத்தோடு நின்ற பிள்ளைகளைப்போல இரு மடங்கு வேகத்தில் இவர்களுடைய வாசிப்பு முன்னேறியது. இரண்டாம் ஆண்டில் அந்தப் பலன் எழுத்துக்கும் இலக்கணத்துக்கும்கூடப் பரவியது. கதைப் புத்தகம் படித்தால் இலக்கணம் வருமா என்று கேட்கும் பெற்றோருக்கு நான் எடுத்துச் சொல்வது இந்த பிஜிப் பிள்ளைகளைத்தான். செவிலியருக்குக் கதைதான் வேண்டும் என்பதில்லை. நோயாளிகளுக்கென்று எளிய ஆங்கிலத்தில் எழுதப்பட்ட நீரிழிவுக் கையேடு, தடுப்பூசி விளக்கம், மருந்துப் பெட்டிக்குள் மடித்து வைத்த தாள் எல்லாமே வாசிப்புப் பாடம்தான். பொருள் உங்களுக்கு முன்பே தெரியும் என்பதால் கவனம் முழுவதையும் மொழிக்குக் கொடுக்கலாம்.

அந்த அனுகூலமே ஒரு இடத்தில் ஆபத்தாகிறது. ஐ.இ.எல்.டி.எஸ். வாசிப்பில் 'சரி', 'தவறு', 'சொல்லப்படவில்லை' என்று மூன்று விடைகளில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கும் வினா உண்டு. அனுபவசாலிகள் இங்கேதான் அதிகம் தவறுகிறார்கள். பத்தி சொல்லாததை வார்டு அனுபவம் சொல்லிக்கொடுத்துவிடுகிறது. பத்தி அதற்கு எதிராகப் பேசினால் 'தவறு'. பத்தி வாயே திறக்கவில்லை என்றால் 'சொல்லப்படவில்லை', நமக்கு அது நன்றாகத் தெரிந்த உண்மையாக இருந்தாலும். எந்த வரியைக் காட்டி இந்த விடையைச் சொல்கிறேன் என்று விரலை வைத்துக் காட்ட முடியாவிட்டால் 'சரி' என்றும் எழுதாதீர்கள், 'தவறு' என்றும் எழுதாதீர்கள்.

இனி மாதிரித் தேர்வு. கடைசி நான்கு வாரம் அதற்குப் போதும், வாரத்துக்கு இரண்டு. கடிகாரம் வைத்து, நடுவில் எழுந்திருக்காமல் எழுதுங்கள். திருத்தும்போது எழுதிய நேரத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொள்ளுங்கள். தவறிய ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் காரணத்தை எழுதுங்கள்: சொல் தெரியவில்லையா, வாக்கியம் அவிழவில்லையா, பத்தியில் இல்லாததை நானே சேர்த்தேனா, நேரம் போதவில்லையா. அடுத்த வாரம் என்ன படிக்க வேண்டும் என்பதை அந்தக் குறிப்பு சொல்லிவிடும்.

ஆசிரியப் பெருமக்களிடம் ஒரு வேண்டுகோள். இறுதியாண்டில் திடீரென்று தொடங்கும் தேர்வு வகுப்பை முதலாண்டுக்கு நகர்த்துங்கள். வாரம் ஒரு மணி நேரம், ஒரே ஒரு பத்தி. தமிழாசிரியரும் ஆங்கில ஆசிரியரும் அந்த வகுப்பில் ஒன்றாக நின்று எச்சத்தையும் முற்றையும் இரண்டு மொழியிலும் அருகருகே எழுதிக் காட்டட்டும். அப்படி ஒரு வகுப்பு நடந்தால் அதில் பின் வரிசையில் உட்கார்ந்து கேட்க நானும் வருவேன்.

அறக்கட்டளையாருக்கும் ஒன்று சொல்ல அனுமதி வேண்டும். இந்த உரைக்காக எனக்கு நீங்கள் தரும் மதிப்பூதியத்தை இங்கேயே கல்லூரி நூலகரிடம் கொடுத்துவிடுகிறேன். அதைக் கொண்டு நிலைவாரியாக எளிமைப்படுத்தப்பட்ட ஆங்கில வாசிப்பு நூல்களை வாங்கி, பூட்டில்லாத ஒரு அலமாரியில், விடுதி வாசலுக்குப் பக்கத்தில் வைக்க வேண்டும். பதிவேட்டில் கையெழுத்து வேண்டாம். இரவுப் பணிக்குப் போகும்போது ஒன்றை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு போகட்டும். சில புத்தகங்கள் திரும்பி வராமல் போகலாம்; அடுத்த ஆண்டு அந்த இடத்துக்கு வேறு வாங்கிக்கொள்ளலாம்.